கெடைச்சிடும் டீச்சர்

அந்தப் பள்ளியின் நூலக டீச்சருக்குப் பிள்ளைகள் வைத்த பெயர் 'கெடைச்சிடும் டீச்சர்'. ஆண்டுதோறும் நடக்கும் இசை நாடகத்துக்கு எதைக் கேட்டாலும் அவள் வாயிலிருந்து அந்த ஒரு சொல்தான் வரும். வெறும் வாய்ச்சவடால் என்று நினைத்துவிடாதீர்கள். இந்த முறை கப்பல் கதை என்றதும் சைக்கிள் கடைக்காரரிடம் சக்கரம் வாங்கிச் சுக்கான் செய்தாள். ஓட்டல் வாட்ச்மேனின் பழைய கோட்டுக்குப் பித்தளைப் பொத்தான் தைத்துக் கேப்டனை உருவாக்கினாள். இடி வேண்டுமா? தகரக் கடையில் ஒரு தகட்டை உதறிப் பார்த்து, "இது சின்ன இடி, பெருசு எடுங்க" என்று கடைக்காரரையே மிரள வைத்தாள். கேட்க வெட்கப்பட்டால் காரியம் ஆகுமா என்ன? ஊரில் அவள் தட்டாத கதவில்லை.

ஒரே ஒரு கதவைத் தவிர. அது அவளுடைய சொந்த அக்காவின் ஐஸ்கிரீம் மொத்தக் கடை.

சண்டை ஒன்றும் கிடையாது. ஆனால் அக்கா போட்டுக் கழித்த கவுன், அக்காவின் பை, அக்கா பேர் எழுதிய புத்தகம் என்றே வளர்ந்தவள் டீச்சர். முதல் சம்பளம் வாங்கிய அன்றே, இனி அக்காவிடமிருந்து ஒரு குண்டூசிகூட வாங்குவதில்லை என்று முடிவெடுத்தாள். அந்த வைராக்கியத்தை இன்றுவரை விட்டதில்லை.

நாடகத்தன்று காலை, புகை மெஷின் வாடகைக்குத் தருவதாகச் சொன்னவர் கையை விரித்துவிட்டார். கடைசிப் பாட்டில் கப்பல் பனிமூட்டத்துக்குள் மறைய வேண்டும். மூட்டம் இல்லையென்றால் அட்டைக் கப்பலைப் பிள்ளைகள் கயிறு கட்டி இழுப்பது சபைக்கே தெரியும், மானம் போய்விடும். பாட்டு டீச்சர் அழாத குறை. "கெடைச்சிடும்," என்றாள் நம்மவள். சொன்ன பிறகுதான் உறைத்தது. வெந்நீரில் போட்டால் வெள்ளையாகப் புகையும் டிரை ஐஸ் அந்த ஊரில் ஒரே இடத்தில்தான் உண்டு. வெளியூருக்கு ஐஸ்கிரீம் உருகாமல் அனுப்ப அக்கா வைத்திருப்பது.

கடைக்குப் போய் வெயிலைப் பற்றிப் பேசினாள். அத்தானின் முழங்கால் வலியை விசாரித்தாள். அக்கா பெட்டிகளை அடுக்கிக்கொண்டே இருந்தாள்.

"என்னடி வேணும்? சொல்லு."

யாரிடமும் தடுமாறாத நாக்கு மேலண்ணத்தில் ஒட்டிக்கொண்டது. "கொஞ்சம் டிரை ஐஸ் வேணும்க்கா. நாடகத்துக்கு."

அக்கா கையுறையைக் கழற்றினாள். "வருஷா வருஷம் வந்து பாக்குறேன். சிம்மாசனம் பல் டாக்டர் குடுத்தது, திரை தையல்காரர் குடுத்ததுன்னு ஊரே பெருமையா காட்டுது. எங்கிட்ட மட்டும் நீ ஒண்ணுமே கேட்டதில்ல. நான் என்ன பாவம் பண்ணேன்?"

"உன் பழசையே போட்டு வளந்தேன்க்கா. போதும்னு ஆயிடுச்சு."

அக்கா கழற்றிய கையுறையைப் பெட்டிமேல் போட்டாள். "மத்த பிள்ளைங்க மரம் ஏறும்போது நான் கீழயே நிப்பேன், ஞாபகம் இருக்கா? கவுன் கிழிஞ்சா அடுத்த வருஷம் நீ என்னத்தைப் போடுவேன்னுதான்டி."

டீச்சருக்குக் கண் நிறைந்துவிட்டது. அக்காவுக்கு மரமேறப் பயம் என்றே இத்தனை நாளும் நினைத்திருந்தாள். இத்தனை வருட ரோஷமும் போன இடம் தெரியவில்லை. அக்கா மூக்கை உறிஞ்சிக்கொண்டு ஒரு பெட்டியை எடுத்து முன்னால் வைத்தாள்.

டீச்சர் அதற்குள் எட்டிப் பார்த்தாள். "இது பத்தாதுக்கா. கப்பல் பெருசு."

"கடையையே தூக்கிட்டுப் போ," என்று திட்டிக்கொண்டே அக்கா இன்னொரு பெட்டியையும் எடுத்து வைத்து, ஷட்டரை இழுத்து மூடினாள். வெந்நீரில் போடுவதற்கு அவளே வருகிறாளாம். அன்று மாலை கப்பலோடு சேர்த்து முன்வரிசையில் இருந்த தலைமை ஆசிரியரும் மூட்டத்துக்குள் காணாமல் போனார்.