மூன்றாவது கொட்டேஷன்

காலையில் முதல் வாய்க் காப்பியோடு பல்லிடுக்கில் நறநறவென்று அரைபடும் செம்மண்ணின் ருசிதான் அந்த வருடத்தைப் பற்றி எனக்கு முதலில் நினைவுக்கு வருகிறது. டம்ளரை எத்தனை முறை கழுவினாலும், காப்பியை எவ்வளவு மூடி வைத்தாலும், குடிக்கிற அந்த அரை நிமிடத்துக்குள் எங்கிருந்தோ வந்து கலந்துவிடும். மைசூரின் ஓரத்தில் அப்போதுதான் மனை பிரித்திருந்த லேஅவுட்டில் மொத்தம் எழுபத்திரண்டு மனைகள். அதில் பதினோராவதாக எழும்பிய வீடு எங்களுடையது. மீதி அறுபத்தொன்றிலும் யாராவது எதையாவது தோண்டிக்கொண்டோ, ஜல்லி கொட்டிக்கொண்டோ, செங்கல் இறக்கிக்கொண்டோ இருந்தார்கள். ஒரு ஞாயிற்றுக்கிழமை வாசலில் உட்கார்ந்து எண்ணினேன். காலையிலிருந்து விளக்கு வைக்கும் நேரம் வரை முப்பத்தெட்டு லாரிகள். ஒவ்வொன்றும் போன பிறகு எழும்பும் சிவப்புப் புழுதி அடங்குவதற்குள் அடுத்தது வந்துவிடும். அக்கம்பக்கத்துக் கன்னடம் தொற்றி எங்கள் வீட்டில் அதற்குத் "தூளு" என்றே பெயர்.

நினைவுக் கட்டுரை என்றால் தன் சிறுவயதைத்தான் எழுதவேண்டும் என்பார்கள். என் சிறுவயதில் எழுதும்படி பெரிதாக ஒன்றுமில்லை. தொண்ணூறுகளின் நடுவில், என் மகள் உமாவின் சிறுவயதிலிருந்து ஐந்து மாதத்துக்குச் சற்றுக் குறைந்த ஒரு காலத்தைத்தான் எழுதப்போகிறேன். அது அவளுக்குச் சரியாக நினைவில்லை. எனக்கு நாள்வாரியாக நினைவிருக்கிறது.

அவளுக்கு அப்போது எட்டு வயது. ரயில்வே குவார்ட்டர்ஸிலிருந்து இந்தச் சொந்த வீட்டுக்கு வந்த நான்காவது மாதம், மார்கழிக் குளிரில், "இழுப்பு" ஆரம்பித்தது. நெஞ்சுக்குள் யாரோ கதவைத் திறந்து திறந்து மூடுவதுபோல ஒரு கிறீச்சிடல். தினமும் காலை ஆறரை மணிக்கு அவள் பக்கத்தில் உட்கார்ந்து, கைக்கடிகாரத்தைப் பார்த்து ஒரு நிமிடத்துக்கு எத்தனை மூச்சு என்று எண்ணுவேன். இருபத்திரண்டு என்றால் பள்ளிக்கூடம் போகலாம். முப்பதைத் தாண்டினால் மாத்திரை. நாற்பதைத் தொட்டால் ஆட்டோ பிடித்து டாக்டரிடம் ஓட வேண்டும். எண்ணிக்கையைத் தேதி போட்டு ஒரு நோட்டில் எழுதி வைப்பேன். டாக்டர் அந்த நோட்டைப் புரட்டிப் பார்த்துவிட்டு, முதலில் துடைப்பத்தைத் தூக்கிப் போடச் சொன்னார். பெருக்கப் பெருக்கத் தூசி மேலே எழும்பி, குழந்தையின் படுக்கையில்தான் போய் இறங்குகிறது, தரையை ஈரத்துணியால் துடையுங்கள், மெத்தைக்கும் ஜமக்காளத்துக்கும் தூசி உறிஞ்சும் மெஷின் ஒன்று வாங்கிவிடுங்கள், சீக்கிரம் வாங்குங்கள் என்றார். "சீக்கிரம்" என்பதை அவர் இரண்டு முறை சொன்னார்.

நான் ரயில்வேயில் ஸ்டோர்ஸ் பிரிவு கிளார்க். ஒரு கட்டு துடைப்பம் வாங்குவதானாலும் மூன்று இடத்தில் கொட்டேஷன் வாங்கி, மூன்றையும் பக்கத்தில் பக்கத்தில் கட்டம் போட்டு எழுதி, ஒப்பிட்டுப் பார்த்த பிறகுதான் கையெழுத்துப் போடுவோம். இரண்டே கொட்டேஷனோடு ஃபைல் மேலே போனால் அப்படியே திரும்பி வரும். இருபது வருடத்தில் என் ஃபைல் ஒன்றுகூடத் திரும்பி வந்ததில்லை. அந்தப் பழக்கம் கையில் இருந்ததா, ரத்தத்தில் இருந்ததா என்று இப்போது பிரித்துச் சொல்ல முடியவில்லை. டாக்டர் சொன்ன அன்றே ஒரு தாளில் மூன்று பத்திகள் கோடு போட்டேன். விலை, உறிஞ்சும் வேகம், ஒயரின் நீளம், சத்தம், தூசிப் பையின் கொள்ளளவு, ரிப்பேருக்கு எத்தனை மைல் போகவேண்டும் என்று ஆறு வரிசைகள். மொத்தம் பதினெட்டுக் கட்டம்.

முதல் பத்தி உடனே நிரம்பிவிட்டது. ஜனவரி கடைசி வாரம், கழுத்தில் டை கட்டிய ஒரு பையன் வீடு தேடி வந்தான். ஹனூர் பக்கத்துத் தமிழ்ப் பையன். பானை மாதிரி உருண்டையான மெஷின்; சக்கரத்தில் நாய்க்குட்டிபோலப் பின்னாலேயே இழுபட்டு வரும். அதன் சத்தத்தைக் கேட்டு உமா இரண்டு காதையும் பொத்திக்கொண்டு "சாக்கு, சாக்கு!" என்று, போதும் என்பதைப் பள்ளிக்கூடக் கன்னடத்தில் சொல்லி, சிரித்துக்கொண்டே கத்தினாள். அவன் மெத்தையின் மேல் இரண்டு நிமிடம் ஓட்டிவிட்டு, பையைக் கழற்றிச் செய்தித்தாளில் தட்டினான். எலி நிறத்தில் ஒரு கைப்பிடித் தூசி விழுந்தது.

என் மனைவி சரோஜாவின் முகம் சுருங்கிவிட்டது. "தெனம் ரெண்டு வேளை தட்டிப் போடறேனே!"

"அம்மா மானம் போச்சு" என்றாள் உமா.

"சும்மா இருடி." பிறகு என்னைப் பார்த்து, "ஏங்க, இதையே வாங்கிடலாம். இன்னிக்கே."

"ஒண்ணை மட்டும் பாத்துட்டு அது நல்லதுன்னு எப்படிச் சொல்ல முடியும்? நல்லதுன்னா எதைவிட நல்லது?" என்றேன்.

அந்தப் பையன் விடவில்லை. "பொண்ணு பாக்கப் போனாக்கூட மொதப் பொண்ணே புடிச்சுப் போறது இல்லீங்களா, சார்?"

"இவரா?" என்றாள் சரோஜா. "என்னை மூணாவதாத்தான் வந்து பாத்தாரு. மத்த ரெண்டு பேரோட உயரத்தைக்கூட எழுதி வெச்சிருந்தாரு, தெரியுமா?"

நான்கு பேரும் சிரித்தோம். அவன் சீட்டில் தன் பெயரை எழுதிக் கொடுத்துவிட்டுப் போனான். பிறகு இரண்டு முறை வந்தான். மூன்றாவது முறை வரவில்லை.

இரண்டாவது பத்திக்கு மார்ச் ஆகிவிட்டது. சயாஜி ராவ் ரோட்டில் ஒரு கடையில், தோளில் மாட்டிக்கொள்ளும் சின்ன மெஷின் காட்டினார்கள். பை சிறியது, ஒயர் ஒன்பதே அடி. அந்தக் கடையில் கிடந்த ஒரு படப் புத்தகத்தைப் புரட்டிக்கொண்டிருந்த சரோஜா திடீரென்று விரலை வைத்தாள். நீளமான கைப்பிடியோடு ஒரு மெஷின் தானே நிமிர்ந்து நின்றது. ஒரு பெண் முதுகை வளைக்காமல் அதைத் தள்ளிக்கொண்டு போனாள். "இது நல்லா இருக்குல்ல? குனிய வேண்டாம்போல" என்றாள். இடுப்பு வலிக்காரி, சொன்னதில் தப்பில்லை. அதன் அடியில் உருளும் பிரஷ் ஒன்று இருந்து, ஜமக்காளத்தின் அடிநாரில் இருக்கும் தூசியையும் அடித்துக் கிளப்பி உறிஞ்சுமாம். மூன்றாவது கொட்டேஷன் இதுதான் என்று அந்த இடத்திலேயே முடிவு செய்தேன். ஆனால் மைசூரில் அது கிடையாது. பெங்களூரில் ஒரு ஏஜெண்டுக்கு எழுதினேன். வீட்டுக்கே வந்து ஓட்டிக் காட்டுவதாகப் பதில் வந்தது. எந்தத் தேதி என்று அதில் இல்லை. அன்றிலிருந்து அதற்கு எங்கள் வீட்டில் "நிக்கற மெஷின்" என்று பெயர். இன்னும் வராத ஒன்றுக்குப் பெயர் வைத்தோம்.

ஏப்ரலில், உமாவின் ஆண்டுப் பரீட்சை முடிந்த வாரம், தர்மபுரியிலிருந்து என் அக்கா வந்தாள். எனக்குப் பதினொரு வயது மூத்தவள், பிள்ளை இல்லாதவள். நான்கு நாள் இருந்தாள். அந்த நான்கு நாளும் என் நோட்டில் முப்பத்திரண்டு, முப்பத்தாறு, முப்பத்திரண்டு, முப்பத்து நான்கு.

"தம்பி, எங்க ஊரு வெயிலுக்கு இந்த இழுப்பெல்லாம் ஓடியே போயிடும். புள்ளய என்கூட அனுப்பு. ஜூன்ல அங்கயே பள்ளிக்கூடத்துல சேத்துக்கறேன்."

"மெஷின் வந்துடும் அக்கா. வந்தா சரியாயிடும்."

"எப்ப வரும்?"

"பள்ளிக்கூடம் திறக்கறதுக்குள்ள."

"சரி, அதுவரைக்கும் பாக்கறேன்" என்று சொல்லிவிட்டு பஸ் ஏறினாள். அக்கா வாக்குத் தவறாதவள். அதுதான் எனக்குப் பயமாக இருந்தது.

ஏஜெண்டிடமிருந்து மூன்று கடிதங்கள் வந்தன. மே இரண்டாவது வாரம் வருகிறோம் என்றது முதலாவது. ஓட்டிக் காட்டும் மெஷின் வேறு ஊருக்குப் போயிருக்கிறது என்றது இரண்டாவது. தவறாமல் வருகிறோம் என்றது மூன்றாவது. அதிலும் தேதி இல்லை. முதல் இரண்டு பத்திகளிலும் பன்னிரண்டு கட்டங்கள் நிரம்பி இருந்தன. மூன்றாவது பத்தியின் ஆறு கட்டங்கள் காலியாக இருந்தன. சரோஜா தினமும் சாயங்காலம் கேட்பாள். முதலில் சிரித்துக்கொண்டு, "மூணாவது மாப்பிள்ளை கெளம்பிட்டாரா?" என்பாள். பிறகு சிரிக்காமல். பிறகு கேட்பதையே விட்டுவிட்டாள்.

மே கடைசியில் ஒரு பகல், பக்கத்து மனையில் மண் அடித்துக்கொண்டிருந்தார்கள். ஜன்னல்கள் எல்லாம் மூடித்தான் இருந்தன. பதினொரு மணிக்குப் பக்கத்து வீட்டுக்காரர் ஆபீசுக்கு போன் செய்து என்னை வரச்சொன்னார். நான் போய்ச் சேர்ந்தபோது உமாவின் உதட்டோரம் நீலம் பாரித்திருந்தது. பேச்சு வரவில்லை, கையை மட்டும் என் சட்டைப் பொத்தானில் வைத்துக்கொண்டிருந்தாள். ஆட்டோவில் எண்ணினேன். ஐம்பத்திரண்டு. அதற்கு முன்னால் நான் அந்த எண்ணை எழுதியதில்லை. அன்றும் எழுதவில்லை. ஆஸ்பத்திரியில் முகமூடி வைத்து மருந்துப் புகை கொடுத்து, இரண்டு நாள் வைத்திருந்தார்கள்.

அக்கா தந்தி கிடைத்த மறுநாள் வந்தாள். ஒன்றும் கேட்காமல் உமாவின் துணிகளை மடித்துப் பையில் வைக்கத் தொடங்கினாள்.

"இன்னும் ஒரு வாரம் அக்கா. ஒரே வாரம்" என்றேன்.

அவள் கையை நிறுத்தவில்லை. "மெஷின் வரட்டும். நல்ல மெஷினாவே வரட்டும். அதுவரைக்கும் புள்ள மூச்ச யாருடா புடிச்சு வெச்சிருக்கறது?"

சரோஜா சுவரைப் பார்த்துக்கொண்டு நின்றாள். அவள் ஒரு வார்த்தை சொல்லியிருந்தால் அக்கா நின்றிருப்பாள். சொல்லவில்லை.

முதல் மெஷினை வேண்டாம் என்று அனுப்பிய நாளிலிருந்து நூற்று இருபத்தாறாவது நாள் உமா தர்மபுரிக்குப் போனாள். நூற்று முப்பத்து மூன்றாவது நாள் நிக்கற மெஷின் வந்தது. ஏழு நாள். என் வாழ்க்கையில் நான் எண்ணியவற்றிலேயே சின்ன எண் அது.

மெஷின் அருமையானது. ஆறு கட்டங்களில் ஐந்தில் மற்ற இரண்டையும் தோற்கடித்தது. அன்றே வாங்கினேன். பத்தொன்பது வருடம் ஒரு நாள்கூட ரிப்பேர் ஆகவில்லை. நம்பி வாங்கலாம் என்று தெரிந்தவர்கள் ஐந்து பேருக்குச் சிபாரிசு செய்திருக்கிறேன். ஐந்து பேரும் இன்றுவரை நன்றி சொல்கிறார்கள். சரோஜா முதுகை வளைக்காமல், யாரும் படுக்காத உமாவின் மெத்தை மேல் தினமும் அதைத் தள்ளுவாள். ஒரு தடவை மட்டும், மெஷினை அணைத்துவிட்டு, "அந்தப் படத்தைக் காட்டினது நான்தானே" என்றாள். நான் தூசிப் பையைக் கழற்றிச் செய்தித்தாளில் தட்டினேன்.

தர்மபுரியில் அந்த வருடம் உமாவுக்கு ஒரு தடவைகூட இழுப்பு வரவில்லை. பிறகு எப்படிக் கூப்பிடுவது? அடுத்த கோடை விடுமுறைக்கு வந்தாள். நிக்கற மெஷின் காலையும் மாலையும் ஓடியும், மூன்றாம் நாள் முப்பத்தெட்டு. தூசிதான் என்று எப்படிச் சொல்வது, மைசூர்க் காற்றாக இருக்கலாம், மரங்களின் பூவாக இருக்கலாம் என்று டாக்டர் இப்போது வேறு மாதிரி பேசினார். அப்படியானால் ஜனவரியிலேயே அந்தப் பானை மெஷினை வாங்கியிருந்தால் என் மகள் என் வீட்டில் வளர்ந்திருப்பாளா, மாட்டாளா? முப்பது வருடமாகக் கேட்டுக்கொண்டிருக்கிறேன். இதற்கு ஒப்பிட்டுப் பார்க்க இன்னொரு ஜனவரி இல்லை, இன்னொரு உமா இல்லை. முதல் விடுமுறையில் பத்தொன்பது நாள் தங்கினாள், அடுத்ததில் பதினான்கு, அதற்கடுத்து ஆறு. அக்காவை முதலில் அத்தை என்றாள், பிறகு அத்தம்மா என்றாள், பத்தாவது படிக்கும்போது அம்மா என்றாள். சரோஜாவையும் அம்மா என்றுதான் கூப்பிட்டாள். கூப்பிடும்போது ஒரு கணம் நிதானித்துவிட்டுக் கூப்பிடுவாள்.

எனக்கு இப்போது எழுபத்து மூன்று. எழுபத்திரண்டு மனைகளிலும் வீடு வந்துவிட்டது. ரோட்டுக்குத் தார் போட்டு, ஓரத்தில் சிமெண்ட் கல் பதித்து, செம்மண் என்பதை இந்தத் தெருக் குழந்தைகள் பூந்தொட்டியில்தான் பார்க்கிறார்கள். லாரிகள் இல்லை. டை கட்டிக்கொண்டு மெஷினோடு வாசலில் நிற்கும் பையன்கள் இல்லை. காப்பி காப்பியாக மட்டும் இருக்கிறது.

போன டிசம்பரில் உமா தன் ஆறு வயது மகனோடு ஓசூரிலிருந்து வந்தாள். மூன்று நாள் தங்குவதாகத் திட்டம். முதல் நாள் சாயங்காலம் சரோஜா பேரனுக்கு அந்த மூன்று மெஷின் கதையை வேடிக்கையாகச் சொன்னாள். உமா கேட்டுக்கொண்டே இருந்துவிட்டு, "எனக்காகவா இத்தனையும்? எனக்குத் தெரியவே தெரியாதே" என்றாள். "அப்பா தெனம் காலைல என் பக்கத்துல உக்காந்து வாட்ச பாப்பாரு, அதுதான் ஞாபகம் இருக்கு. நம்மாலதான் ஆபீசுக்கு லேட்டாகுதுன்னு நெனச்சுப்பேன். சீக்கிரம் மூச்ச சரி பண்ணிக்கணும்னு பயமா இருக்கும்." சொல்லிவிட்டுச் சிரித்தாள். சரோஜாவும் சிரித்தாள். நான் உன் மூச்சைத்தான் எண்ணினேன் என்று சொல்ல வாயெடுத்தேன். பேரன் தண்ணீர் கேட்டான். பேச்சு வேறு பக்கம் போய்விட்டது.

இரண்டாம் நாள் காலை அந்தப் பிள்ளை தும்மினான். இரண்டே தும்மல். உமா அவன் முதுகில் உள்ளங்கையை வைத்துச் சற்று நேரம் அப்படியே இருந்தாள். பிறகு உள்ளே போய்ப் பெட்டியைத் திறந்தாள்.

"இப்ப இங்க தூளே இல்லடி" என்றாள் சரோஜா.

"தெரியும்மா. எதுக்கு ரிஸ்க்கு? போய்ச் சேர்ந்ததும் போன் பண்றேன்."

மத்தியானத்துக்குள் ஆட்டோ வந்துவிட்டது. நாங்கள் இருவரும் கேட்டில் நின்றோம். தார் ரோட்டில் ஒரு துளிப் புழுதிகூட எழவில்லை. அதனால் தெருமுனை வரைக்கும் எல்லாமே தெளிவாகத் தெரிந்தது. ஆட்டோவின் பின்பக்கம், அதன் சின்னக் கண்ணாடி, கண்ணாடிக்குள் பிள்ளையின் தலை, அவன் முதுகின் மேலேயே இருந்த அவளுடைய கை. அந்தக் கை ஒருமுறைகூட விலகவில்லை. அவள் திரும்பிப் பார்க்கவும் இல்லை.