சின்னண்ணா வாசித்தது சாக்ஸபோன்

இந்த நினைவு மலரின் முன்பக்கங்களில் "தங்கை புலம்பல்" என்று ஒரு பாட்டு அச்சாகியிருக்கிறது. வீணை ஏந்திய கரத்தோனே, என்னைத் தவிக்க விட்டுப் போனாயோ என்று நான் கதறுவதாக அதில் வருகிறது. உறவினர்களே, நண்பர்களே, நான் அப்படிக் கதறவில்லை. எங்கள் சின்னண்ணா வீணையைத் தொட்டதே கிடையாது. அவர் சாக்ஸபோன் வாசித்தார். அதுவே அவருடைய தொழில்.

முப்பத்தோராம் நாள் மலருக்குப் பாட்டு எழுதித் தருபவரிடம் விபரம் சொன்னவர் எங்கள் மூத்தவர் பெரியண்ணா. ஏன் வீணை என்று அவரிடம் கேட்டேன்.

"சாக்ஸபோன்னு போட்டா பாட்டுல ஒட்டாதும்மா. வீணைன்னா வாசிக்கிறவங்களுக்கு ஒரு மரியாதையா இருக்கும்" என்றார்.

யாருக்கு மரியாதை? எனக்குக் கோபம் தலைக்கேறிவிட்டது. இந்தப் பக்கம் சேராமல் ஒரு பிரதியும் வெளியே போகாது என்று அச்சகத்தில் போய் உட்கார்ந்துகொண்டேன். அதனால்தான் இதை நீங்கள் வாசிக்கிறீர்கள்.

சின்னண்ணா மாத்தளையில் பிறந்தார். எங்கள் தந்தையார் யாழ்ப்பாணத்திலிருந்து கச்சேரிக்கு, அதாவது மாவட்ட அரசாங்க அலுவலகத்துக்கு, மாற்றலாகி வந்து இங்கேயே தங்கியவர். பிள்ளைகளும் அரசாங்கக் கதிரையில் உட்கார வேண்டும் என்பது அவருடைய ஆசை. பெரியண்ணா உட்கார்ந்தார். சின்னண்ணாவோ பாடசாலை வாத்தியக் குழுவில் கிளாரினெட்டைப் பிடித்து, பிறகு சாக்ஸபோனுக்கு மாறி, தம்புள்ளைப் பக்கத்து ஹோட்டலில் ஜாஸ் வாசிக்கும் குழுவில் சேர்ந்துவிட்டார். தந்தையார் வெகுகாலம் அவரோடு முகம் கொடுத்துப் பேசவில்லை. அதே தந்தையார் காலமானபின் வீட்டைத் தாங்கியதும் என்னைப் படிப்பித்து ஆசிரியையாக்கியதும் அந்த ஹோட்டல் சம்பளம்தான். இதை எந்தப் பாட்டிலும் காணோம்.

அவருடைய வாசிப்பைக் கேட்காதவர்களுக்காகச் சொல்கிறேன். அவர் ஒரு சுரத்தை நேராகப் போய்ப் பிடிக்கமாட்டார். குளிர்ந்த தண்ணீரில் கால் வைப்பவரைப் போலக் கீழேயிருந்து மெல்ல வந்து தொடுவார், கொஞ்சம் தாமதமாக. தாளம் பிசகிவிட்டதோ என்று நமக்குப் பதறும்போது சரியாக வந்து சேர்ந்துவிடுவார். சுரம் ஓய்ந்த பிறகும் வெறும் மூச்சு சற்று நேரம் கேட்கும். அம்மன் கோயில் தேருக்கு வரும் நாதஸ்வரத்தின் வளைவு தனக்குள் ஊறிவிட்டது என்பார். மற்றவர்கள் வெள்ளைக்காரர் வாசித்தபடி வாசித்தார்கள், சின்னண்ணா மாத்தளைக்காரராக வாசித்தார்.

யுத்த காலத்தில் ஹோட்டல் வெறிச்சோடியபோது இரத்தோட்டைப் பக்கத்துக் கல்யாணங்களுக்கு வாசித்தார். பெண் கேட்டுப் போன வீடுகளில் "பேண்ட்காரரா?" என்று கேட்டுவிட்டுத் தேநீரோடு அனுப்பிவிட்டார்கள். அவர் தனியாகவே இருந்துவிட்டார்.

பெரியண்ணாவின் மகள் கல்யாணத்துக்குக் கண்டியிலிருந்து குழு பிடித்தார்கள். சொந்தச் சித்தப்பாவை விருந்தாளிகளோடு உட்கார வைத்தார்கள். சம்பந்தி வீட்டார் பார்த்துவிடுவார்களாம். சின்னண்ணா ஒவ்வொரு பாட்டுக்கும் கைதட்டினார். "நல்லா வாசிக்கிறாங்க. சாக்ஸபோன் மட்டும் கொஞ்சம் சுருதி எறங்கிருச்சு, வாசல்ல காத்து" என்றார். நான் பாதிச் சாப்பாட்டில் எழுந்துவிட்டேன்.

கடைசி மாதங்களில் நுரையீரல் பழுதாகி, ஊதவே கூடாது என்று டாக்டர் சொல்லிவிட்டார். அவர் ஊதவில்லை. ஊதுவாயில் பூட்டும் ரீட் என்ற நாணல் சீவலை மட்டும் எடுத்து நாக்கில் வைத்துக்கொண்டு டீவி பார்த்தார். அப்படியே ஒரு மாலையில் இறைபதம் எய்தினார்.

இறுதிக் கிரியை அன்று அவருடன் காலமெல்லாம் ட்ரம்ஸ் வாசித்த நஸீர் நானாவும் குழுவினரும் வாத்தியங்களோடு வந்தார்கள். பெரியண்ணா கேற்றிலேயே மறித்தார். "இது செத்த வீடு, ஹோட்டல் இல்ல. அதெல்லாம் கொண்டு போங்க."

நான் வாய் திறப்பதற்குள் நஸீர் நானா என்னைப் பார்த்துத் தலையசைத்தார். "மௌத்தான வீட்டுல சண்ட வாணாம் தங்கச்சி. நாங்க முகத்தப் பாத்துட்டுப் போறோம்" என்றார். வாத்தியங்களை வேலியோரம் வைத்துவிட்டு, சப்பாத்தைக் கழற்றிவிட்டு உள்ளே வந்தார்கள். அந்த அவமானத்தை நான் மன்னிக்கவில்லை, மன்னிக்கப்போவதும் இல்லை.

பந்தல் போட்ட அயலவர்களுக்கும், துக்க வீட்டுக்கு ஓயாமல் பால் கலக்காத பிளேன்டி அனுப்பிய எதிர்வீட்டுச் சிங்கள அம்மாவுக்கும், தூரத்திலிருந்து வந்தவர்களுக்கும் என் நன்றி. நஸீர் நானாவுக்கும் குழுவினருக்கும் நன்றி சொல்லி மாளாது.

இன்று மதிய போசனத்துக்குப் பிறகு அவர்கள் முற்றத்தில் வாசிப்பார்கள். அழைத்தவள் நான். பிடிக்காதவர்கள் சாப்பிட்டுவிட்டுப் போகலாம், பெரியண்ணா உட்பட. இருப்பவர்களுக்கு ஒரு வார்த்தை. ஜாஸில் எல்லோரும் சேர்ந்து மெட்டை வாசித்தபின் ஒவ்வொருவருக்கும் ஒரு முறை வரும். அப்போது அவர் தன் மனதில் உள்ளதை வாசிப்பார், மற்றவர்கள் தாளம் பிடிப்பார்கள். இன்று ஓரிடத்தில் தாளம் மட்டும் போய்க்கொண்டிருக்கும், மெட்டை யாரும் வாசிக்கமாட்டார்கள். பாட்டு முடிந்துவிட்டது என்று எழுந்துவிடாதீர்கள், பேசவும் வேண்டாம். அது சின்னண்ணாவின் முறை.