அக்காவின் ஒற்றை நட்சத்திரம்

திருச்சுழி போகும் தனியார் பஸ்ஸில், புதிதாக வந்த கண்டக்டர் ஒருவர் அக்காவிடம் கை நீட்டிக்கொண்டு நின்றதை நினைத்தால் இப்போதும் சிரிப்பு வருகிறது. "பக்கத்துல தூங்குறவுகளுக்கும் சேத்து டிக்கெட் எடுத்துருங்கம்மா" என்றார். அக்கா திரும்பிப் பார்த்தார். முன்பின் தெரியாத பெண். அதற்குள் பின்பக்கத்திலிருந்து ஒரு ஆணின் குரல் வந்தது: "அவ எங்கூட வாரவ. திருச்சுழி ரெண்டு!" எங்கள் பக்கத்தில் அப்படித்தான். மனைவி முன்னால் உட்கார்ந்திருப்பார், கணவர் பின்னால் நின்றபடி இருவருக்கும் டிக்கெட் எடுப்பார்.

அக்கா என் உடன்பிறந்தவர் அல்ல. வானியல் ஆய்வுக்கூடத்தில் எனக்கு மூத்தவர், திருச்சுழிக்காரர், நான் அருப்புக்கோட்டை. ஒரு நட்சத்திரத்தையும் அதைச் சுற்றும் கிரகத்தையும் பற்றி அவர் கட்டுரை எழுதி முடித்திருந்தார். நம் சூரியனைப் போல அதுவும் ஒற்றை நட்சத்திரம் என்பதுதான் கட்டுரையின் உயிர். கிரகங்கள் உள்ள நட்சத்திரங்களுக்குத் துணை நட்சத்திரம் உண்டா என்று தேடுவது என் வேலை. விடுமுறைக்கு ஊருக்கு வந்த இடத்தில், அக்காவின் நட்சத்திரத்துக்குப் பக்கத்தில் மங்கலாக இன்னொன்று தெரிகிறது என்று சொல்லித் தொலைத்துவிட்டேன். பக்கத்தில் தெரிவதெல்லாம் துணையாகிவிடாது. ஒன்று வெகு தொலைவில் பின்னால் இருக்கலாம். பழைய படத்தோடு ஒப்பிட்டு, இரண்டும் சேர்ந்து நகர்கின்றனவா என்று பார்க்க வேண்டும். அன்று காலையில் பழைய படம் கிடைத்ததும், தன் வீட்டில் வைத்துப் பார்த்துவிடலாம் என்று அக்கா என்னையும் பஸ் ஏற்றிவிட்டார்.

கண்டக்டர் நகர்ந்ததும் அக்கா கூட்டத்துக்கு மேலாக என்னைப் பார்த்துச் சத்தம் போட்டார். "பாத்தியா தம்பி! பக்கத்துல உக்காந்தா கூட வந்தவுகன்னு ஆயிருமா? நம்மளுதும் இப்படித்தான் இருக்கும் பாரு." குரலில்தான் சிரிப்பு இருந்தது.

இறங்கிய பிறகு வீடுவரை போகப் பொறுமையில்லை. டீக்கடை பெஞ்சிலேயே லேப்டாப்பைத் திறக்கச் சொன்னார். பழைய படத்தையும் புதிய படத்தையும் மாற்றி மாற்றிக் காட்டினேன். மற்ற நட்சத்திரங்கள் இருந்த இடத்திலேயே இருந்தன. அந்த இரண்டு மட்டும் நகர்ந்திருந்தன, ஒரே திசையில், ஒரே அளவு.

இன்றைக்கு ஒரு துணை கிடைத்தால் அலுவலகத்தில் இனிப்பு வாங்கிக் கொடுக்கிறேன். அன்று அக்காவின் முகத்தைப் பார்க்கவே பயமாக இருந்தது. அவ்வளவு உழைப்பும் போயிற்றே என்றுதான் எனக்குத் தோன்றியது. அவரோ தானே விசையை அழுத்திப் படங்களை முன்னும் பின்னும் ஓட்டிப் பார்த்துக்கொண்டிருந்தார். டீ ஆறிப்போனது.

"சேந்துதான் போகுதுக" என்றார் கடைசியில். கட்டுரையைத் திறந்து தலைப்பை அழித்தார். பிறகு எழுந்து வெயிலுக்குள் போய், குனிந்து தன் நிழலையே பார்த்தபடி நின்றார்.

"ஏந்தம்பி, அந்தக் கிரகத்துல ஒருத்தன் இப்படி நின்னா, அவனுக்கு ரெண்டு நெழலு விழுகுமோ?"

"தெரியலக்கா."

"எனக்குந்தான் தெரியல" என்று சிரித்தார். இந்த முறை கண்ணும் சேர்ந்து சிரித்தது.