பின்வாசல் தூசி

கெண்ட்ரா லாம்பி பயந்த சுபாவக்காரி இல்லை. அமெரிக்காவின் சுப்பீரியர் ஏரிக்குத் தெற்கே, வருஷத்தில் பாதிநாள் பனி கிடக்கிற ஊரில் பள்ளிக்கூடப் பஸ் ஓட்டுகிறவள். ஒருதரம் பஸ் பனியில் வழுக்கி அரைவட்டம் அடித்து நின்றபோது, பின்னால் அலறிய பிள்ளைகளிடம் "இன்னொரு சுத்து போலாமா?" என்று கேட்டுச் சிரிக்க வைத்தவள் என்று ஊரில் இப்போதும் சொல்வார்கள். கரடி வந்து குப்பைத் தொட்டியை உருட்டினால் வாணலியைத் தட்டிக்கொண்டு வெளியே போவாள். அப்படிப்பட்டவள் தன் வீட்டுப் பின்வாசலைப் பார்த்து நடுங்க ஆரம்பித்தது, மகள் ஐடாவுக்கு இரண்டு வயது முடிந்த ஆகஸ்டு மாதத்தில்.

கிளினிக்கிலிருந்து போன் வந்தபோது அவள் உருளைக்கிழங்கு நறுக்கிக்கொண்டிருந்தாள்.

"ஐடாவோட ரத்தத்துல காரீயம் இருக்குங்க. இருக்க வேண்டியதவிட கூடுதலா," என்றது ஒரு பெண்குரல். "ஒரு நர்ஸ் வீட்டுக்கு வருவாங்க. பழைய வீடுதானே உங்களோடது? பெயிண்ட் உரிஞ்ச இடத்துல குழந்தைய விடாதீங்க."

"மருந்து இருக்கில்ல?"

"இந்த அளவுக்கு மருந்து கொடுக்கறதில்லங்க. எங்கேருந்து வருதுன்னு பாத்து நிறுத்தணும். தானா மெதுவா இறங்கும்."

காரீயம் பிள்ளைகளின் மூளைக்குப் போகும், போனால் கெடுத்ததைத் திருப்பித் தராது என்பதை அந்தக் குரல் எவ்வளவோ பதமாகத்தான் சொன்னது. கெண்ட்ரா போனை வைத்துவிட்டு மகளைப் பார்த்தாள். ஐடாவுக்கு அப்போது நாலைந்து சொற்கள்தான் வரும். லாம்பி குடும்பத்தில் எல்லாரும் லேட்டாகத்தான் வாயைத் திறப்பார்கள் என்று அதுவரை கேலி பேசிச் சிரித்திருக்கிறார்கள். இனி அதைச் சொல்லிச் சிரிக்க முடியாது என்று அவளுக்குத் தெரிந்துபோயிற்று.

வீடு, கணவன் டெரிக்கின் தாத்தா காலத்துச் சுரங்கத் தொழிலாளி வீடு. நர்ஸ் வருவதற்குள் கெண்ட்ரா ஒவ்வொரு ஜன்னலாக விரலால் தடவிப் பார்த்துவிட்டாள். எங்கேயும் உரியவில்லை. நர்ஸ் போலெட் என்கிற அந்த நரைத்தலை அம்மாளும் ஜன்னல்களைப் பார்த்துவிட்டுத் தலையை ஆட்டினாள். பிறகு பின்வாசல் அறைக்கு வந்து நின்றாள்.

அந்த ஊரில் யாரும் முன்வாசல் வழியாக வருவதில்லை. வீட்டுக்கு வருகிற சேறு, பனி, நாய், மனிதர் எல்லாம் பின்வாசல் அறை வழியாகத்தான். லாம்பி வீட்டில் அதே அறையில்தான் துணி துவைக்கும் மிஷினும் டிரையரும். நடுவில் பூட்ஸ் குவியல், ஆணி தாங்காத கோட்டுகள், பனி வாரும் மண்வெட்டி, நாய்த் தீனி மூட்டை. டெரிக் வேலை முடிந்து வந்ததும் துணியை அங்கேயே கழற்றித் தரையில் போட்டுவிட்டு உள்ளே வருவான். அந்தக் குவியல் ஐடாவுக்கு மெத்தை. அப்பாவின் பூட்ஸுக்குள் கையை முழங்கை வரை விட்டு எடுப்பது அவளுடைய விளையாட்டு. அன்றைக்கும் அதைத்தான் செய்துகொண்டிருந்தாள்.

"யாரோடது அந்த பூட்ஸ்?" என்று போலெட் கேட்டாள்.

"என் வீட்டுக்காரரோடது."

"என்ன வேலை பாக்கறாரு?"

"பாலத்துக்குப் பெயிண்ட் அடிக்கறாரு. மணல பீச்சி பழைய பெயிண்ட உரிச்சுட்டு புதுசு அடிப்பாங்க."

"வேலைத் துணிய அங்கயே கழட்டி வச்சுட்டு வர வசதி இல்லயா?"

"அப்படியேதான் வருவாரு. எல்லாரும் அப்படித்தான்."

"துவைக்கறது?"

"நான்தான். உதறிட்டு மிஷின்ல போடுவேன்."

சொல்லி முடித்த பிறகுதான் 'உதறிட்டு' என்கிற சொல் அவள் காதிலேயே விழுந்தது. பாலங்களின் பழைய பெயிண்டில்தான் காரீயம் இருக்கும் என்று போலெட் அதற்கு மேல் விளக்க வேண்டியிருக்கவில்லை. கெண்ட்ரா குனிந்து குழந்தையைத் தூக்கினாள். அந்தக் குட்டிக் கைகளைத் தன் சட்டையில் துடைக்கப் போய், சட்டையில் என்ன இருக்கிறதோ என்று பாதியில் நிறுத்திக்கொண்டாள்.

போலெட் ஈரத்துணியால் பல இடங்களில் ஒற்றி எடுத்துப் போனாள். சில நாளில் பதில் வந்தது. மிஷின் முன்னாலிருக்கிற தரை, டெரிக்கின் டிரக்கில் இருந்த குழந்தை இருக்கை, இந்த இரண்டிலும்தான் அதிகம்.

அன்று சாயங்காலம் டெரிக் வந்தபோது ஐடா வழக்கம்போலக் கையை விரித்துக்கொண்டு ஓடினாள்.

"தொடாத," என்று கெண்ட்ரா கத்தினாள். தன் தொண்டையிலிருந்து அப்படி ஒரு சத்தம் வரும் என்று அவளுக்கே தெரியாது. ஐடா அதிர்ந்து உட்கார்ந்துவிட்டாள். அழக்கூட இல்லை. டெரிக் குனிந்தபடியே நின்றான்.

"நான் என்ன பேயா?"

"வெளிய போ டெரிக். சொல்றேன். மொதல்ல வெளிய போ."

அவன் டிரக்கில் போய் உட்கார்ந்துகொண்டான். கெண்ட்ரா ஜன்னலுக்கு வெளியே நின்று எல்லாவற்றையும் சொன்னாள். கேட்டு முடித்தும் அவன் ஸ்டியரிங்கை விடவில்லை.

"காத்துக் குழாய வச்சு துணி, பூட்ஸ் எல்லாத்தையும் ஊதிவிட்டுட்டுதான் கெளம்புவோம். சுத்தமாயிடுச்சுன்னு முதலாளி சொல்லுவாரு. நானும் சுத்தமா இருக்கேன்னுதான் நெனச்சேன்."

"நீ ரத்தம் கொடுத்துப் பாத்தியா?"

"பாத்தா வேலைய விட்டு நிறுத்திடுவாங்கன்னு பசங்க சொன்னாங்க." பிறகு, "எனக்குப் பயமா இருந்துச்சு, அதான் பாக்கல," என்றான்.

மறுவாரம் பார்த்தான். அவனுக்கும் ஏறித்தான் இருந்தது. டாக்டர் எழுதிக் கொடுத்தபடி மணல் பீச்சும் வேலையிலிருந்து விலக்கி, சாலையில் பலகை பிடித்து வண்டிகளை நிறுத்துகிற வேலைக்குப் போட்டார்கள். அவன் ரத்தத்தில் காரீயம் இறங்கும் வரைதான் அது. பிறகு பழையபடி பாலத்தின் மேலே ஏற வேண்டும். ஆகவே வீட்டை மாற்றியாக வேண்டும்.

டெரிக்கின் அக்கா ராண்டி கட்டட வேலைக்காரி. சுவர், தரை, பைப் எல்லாம் செய்வாள். பின்வாசல் அறையின் நடுவில் நின்று இடுப்பில் கை வைத்துப் பார்த்தாள்.

"இது அறையாடி? லாம்பிங்க மூணு தலைமுறையா குப்பை கொட்டின எடம்," என்றாள். "பக்கத்துல சாமான் அறை சும்மாதானே கெடக்கு? நடுச்சுவர எடுத்துட்டு ரெண்டையும் சேத்து, குறுக்க வேற சுவர் வைக்கலாம். வெளிப்பக்கம் அவன் அழுக்கு. அங்கயே மூடி போட்ட தொட்டி, அவன் துணிக்குன்னு இந்தப் பழைய மிஷின். நடுவுல ஷவர். ஷவரத் தாண்டாம உள்ள வர வழியே இருக்கக் கூடாது. உள்பக்கம் உங்க மிஷின், பாப்பாவுக்கு அவ ஒசரத்துக்குக் கொக்கி. சரியா?"

"அந்த நடுச்சுவர்ல என்ன பெயிண்ட் இருக்கு?" என்று கெண்ட்ரா கேட்டாள்.

ராண்டி சாவியால் ஒரு மூலையைச் சுரண்டினாள். வெள்ளைக்குக் கீழே பச்சை, பச்சைக்குக் கீழே மஞ்சள். அவள் சிரிப்பு நின்றது.

"இருக்கும். பிளாஸ்டிக் கட்டி, தண்ணி தெளிச்சுத் தெளிச்சுதான் எடுக்கணும். நீயும் பாப்பாவும் இங்க இருக்கக் கூடாது. என்னைக் கேக்காம யாரும் சுத்தியலத் தொடக் கூடாது. டேய், உன்னத்தான்."

"காது கேக்குது," என்றான் டெரிக்.

அறை தயாராகும் வரைக்கும், பலகை பிடித்தாலும் தூசி ஒட்டும் என்று அவன் தோட்டத்து மூலையிலிருந்த சவுனா என்கிற மரக் குளியல் குடிலில் துணியைக் கழற்றிவிட்டு, நீராவியில் குளித்து, துண்டோடு புல்லில் ஓடி வீட்டுக்கு வந்தான். அடுத்த வீட்டுக்காரி பார்த்துக் கை தட்டினாள். கெண்ட்ராவும் சிரித்தாள். பிறகு, சனிக்கிழமைதோறும் தாங்கள் மூவரும் அதே சவுனாவில்தானே உட்காருகிறோம் என்ற நினைப்பு வந்தது. அன்றிலிருந்து ஐடாவை அங்கேயும் விடவில்லை. தரையைக் காலையும் மாலையும் ஈரத்துணியால் துடைத்தாள். துடைத்த துணியை எங்கே வைப்பது என்று தெரியாமல் கையில் பிடித்துக்கொண்டு நிற்பாள். பஸ் ஓட்டும்போது திடீரென்று நினைப்பு வரும். ஐடா இன்று புதிதாக ஒரு சொல்லாவது சொன்னாளா? 'பால்' என்றாளே, அது புதிதா, பழையதா?

அக்டோபரில் ஒரு சனிக்கிழமை ஐடாவை அழைத்துக்கொண்டு பக்கத்து ஊரில் இருக்கும் தங்கை வீட்டுக்குப் போனாள். மறுநாள் ராண்டி வந்து சுவரை எடுப்பதாக ஏற்பாடு. ஆனால் தங்கையின் பிள்ளைகளுக்குக் காய்ச்சல் கொதித்தது. ஓர் இரவாவது வீட்டில் படுத்துவிட்டு வேறு ஏற்பாடு செய்யலாம் என்று மதியமே திரும்பிவிட்டாள். வழியில் அந்த வருஷத்தின் முதல் பனி விழத் தொடங்கியது.

பின்வாசல் முன்னால் காரை நிறுத்தியபோது உள்ளே இடிக்கிற சத்தம் கேட்டது. சமையலறை ஜன்னலைப் பார்த்தாள். உள்ளே காற்று வெள்ளையாக இருந்தது. கட்டியிருந்த பிளாஸ்டிக் ஒரு பக்கம் அவிழ்ந்து தொங்கியது. மேசை, ஐடாவின் உயர நாற்காலி, எதுவும் சரியாகத் தெரியவில்லை.

கதவு திறந்தது. தலையிலிருந்து கால் வரை தூசி பூசிய டெரிக் படியில் வந்து நின்றான்.

பின் இருக்கையில் ஐடா விழித்துக்கொண்டாள். "அப்பா," என்று தெளிவாகக் கூப்பிட்டு இரண்டு கையையும் நீட்டினாள். கெண்ட்ரா விரலளவு திறந்திருந்த கண்ணாடியை ஏற்றினாள். பொத்தானை அழுத்திய விரலை, கண்ணாடி மேலே முட்டி நின்ற பிறகும் அவளால் எடுக்க முடியவில்லை.

"கிட்ட வராத," என்றாள் உள்ளிருந்தபடியே.

"வரல," என்றான். பனியிலேயே உட்கார்ந்துவிட்டான். "நாளைக்கு வரைக்கும் எதுக்கு, இன்னிக்கே முடிச்சுடலாம்னு பாத்தேன். சீக்கிரம் முடிஞ்சா நீ தூங்குவியேன்னு நெனச்சேன் கெண்ட்ரா. நீ தூங்கறதே இல்ல."

அவளுக்கு அவனை அடிக்க வேண்டும் போலவும் இருந்தது, இறங்கிப்போய்த் தூக்கிவிட வேண்டும் போலவும் இருந்தது. இரண்டையும் செய்யவில்லை. அந்தத் தூசியைத் தொட்ட கையோடு மறுபடி ஐடா இருக்கிற காருக்குள் ஏற வேண்டியிருக்கும். காரைப் பின்னால் எடுத்தாள். ஐடா வழி முழுக்க "அப்பா, அப்பா" என்று கண்ணாடியைத் தட்டிக்கொண்டே வந்தாள். அந்தச் சொல்லை அவள் அவ்வளவு திருத்தமாகச் சொன்னது அன்றுதான் முதல் தடவை.

மறுநாள் ராண்டி தம்பியைத் திட்டிய திட்டு தெருவுக்கே கேட்டதாம். "ஒரு நாள் பொறுக்க முடியலயாடா உனக்கு? உம் பொண்டாட்டி பயத்தக் கொறைக்கணும்னு சொல்லிட்டு, அவ பயந்தது அத்தனையும் நீயே செஞ்சு காட்டியிருக்க." திட்டிவிட்டு முகமூடி மாட்டிக்கொண்டு அவனோடு சேர்ந்து அவள்தான் சுத்தம் செய்தாள். சுவர், கூரை, அலமாரி உள்பக்கம், ஒவ்வொரு தட்டு, கரண்டி. சமையலறைத் திரைச்சீலைகளையும் உயர நாற்காலியின் மெத்தையையும் குப்பைக்கு அனுப்பினார்கள். கெண்ட்ராவும் ஐடாவும் ராண்டியின் வீட்டில் தங்கினார்கள். போலெட் வந்து ஒற்றிப் பார்த்து, இன்னும் இருக்கிறது என்றாள். மறுபடி துடைத்தார்கள். நவம்பர் கடைசியில் வரும் நன்றிகூறல் பண்டிகையும் கழிந்த பிறகுதான் வீடு சுத்தம் என்று அவள் வாயிலிருந்து வந்தது.

அறை ராண்டி சொன்னபடியே அமைந்தது. வெளிப்பக்கம் தண்ணீர் ஊற்றிக் கழுவும்படி சிமெண்டுத் தரை, பூட்ஸ் வைக்கத் தட்டு, மூடி போட்ட தொட்டி. உள்பக்கத்தில் பெஞ்சு, கூடைகள், தாழ்வான கொக்கியில் ஐடாவின் சிவப்புக் கோட்டு. பார்க்கிறவர்கள் அழகு என்றார்கள். கெண்ட்ராவுக்கு அதில் அழகு எதுவும் தெரியவில்லை. எந்தக் கதவு சாத்தாமல் இருக்கிறது என்பதுதான் தெரிந்தது.

ஐடாவுக்கு அடுத்து எடுத்த ரத்தத்தில் காரீயத்தின் அளவு கூடியிருந்தது. அன்றைக்கு அவள் கிளினிக் கழிப்பறையில் போய் உட்கார்ந்துகொண்டு வெளியே வர மறுத்தாள். அந்த ஒரு நாள் தூசியாலா, அதற்கு முன்னாலேயே எலும்பில் சேர்ந்ததாலா, யாராலும் சொல்ல முடியவில்லை. காரீயம் உடம்பில் சேராமலிருக்க, டாக்டர் சொன்னபடி பனிக்காலம் முழுக்கக் கீரையும் பாலும் பீன்ஸும் கொடுத்தாள். பனி உருகும் சமயத்தில் எண் இறங்கத் தொடங்கியது. அடுத்த வருஷம் பாதியாயிற்று. டெரிக்குக்கும் இறங்கியது. அவன் பாலத்துக்குத் திரும்பினான். ஷவரிலிருந்து ஈரத் தலையோடு வந்து, கையை முன்னும் பின்னும் காட்டி, "பெர்மிஷன் உண்டா?" என்று கேட்டுவிட்டுத்தான் மகளைத் தூக்குவான். கேலியாகத்தான் கேட்டான். ஆனால் ஒருநாளும் கேட்காமல் தூக்கியதில்லை.

ஐடா இப்போது வாய் ஓயாமல் பேசுகிறாள். என்ன போயிற்று, ஏதாவது போயிற்றா என்று டாக்டர் உட்பட ஒருவருக்கும் தெரியாது. அவள் எதையாவது மறந்துபோய் ஒரு நொடி தயங்கினால் கெண்ட்ராவின் கை தானாக நின்றுவிடும்.

போன மாதம் டெரிக்கோடு வேலை செய்கிற ஒருவனின் மனைவி ஷெல்பி, அறையைப் பார்க்க வந்தாள். இருபது வயது தாண்டிய பெண். இடுப்பில் கைக்குழந்தை.

"எங்க வீட்லயும் இப்படி ஒண்ணு கட்டணுங்க. பூட்ஸெல்லாம் வழியில கெடந்து தடுக்குது. இந்தக் கூடையெல்லாம் எங்க வாங்கினீங்க?"

கெண்ட்ரா குழந்தையைப் பார்த்தாள். ஷெல்பி தோளில் போட்டிருந்த ஆம்பளை ஜாக்கெட்டின் காலரைக் குழந்தை வாயில் வைத்துச் சப்பிக்கொண்டிருந்தது.

சொன்னால் இவளும் இனிமேல் தூங்க மாட்டாள் என்று கெண்ட்ராவுக்குத் தோன்றியது. சொல்லாமல் காபி கொடுத்து அனுப்பிவிடலாம் என்றுகூட ஒரு கணம் நினைத்தாள்.

"அந்த ஜாக்கெட் யாரோடதும்மா?"

"அவரோடதுதான். வேலைக்குப் போடறது. ஏங்க?"

"அத மெதுவா, உதறாம, கழட்டிக் கீழ வை," என்றாள் கெண்ட்ரா. "பாப்பாவ எங்கிட்ட குடு. மொதல்ல வாயத் தொடைச்சு, கையக் கழுவிவிடலாம். அப்புறம் உக்காந்து சொல்றேன்."

ஷெல்பியின் முகத்தில் இருந்த சிரிப்பு போகவில்லை, அப்படியே உறைந்து நின்றது. கெண்ட்ரா குழந்தையை வாங்கிக்கொண்டு குழாயைத் திறந்தாள்.