ஒன்பதாம் படியில் வைத்த பொட்டு

அந்த வெல்டரை எல்லோரும் ‘கெட்டி’ என்றுதான் கூப்பிடுவார்கள். கேட்டோ, ஜன்னல் கம்பியோ, வேலை முடிந்ததும் சின்னச் சுத்தியலை எடுத்து ஒவ்வொரு இணைப்பையும் தட்டி, “கெட்டி” என்று சொல்லிவிட்டுத்தான் கையைக் கழுவுவான். கல்யாண மோதிரத்தையே தட்டிப் பார்த்துத்தான் போட்டுக்கொண்டான் என்று மச்சான் போகிற இடமெல்லாம் சொல்லிச் சிரிப்பார்.

மச்சான் என்றால் பெண்டாட்டியின் அண்ணன். பெண்டாட்டியைப் பறிகொடுத்தவர், பிள்ளை இல்லை. வேதக்கோயிலைப் பெருக்குவது, விளக்குப் போடுவது, மணி அடிப்பது எல்லாம் அவர் வேலை. மணிக்கு கிரீஸ் வைக்க மணிக்கூண்டில் இரும்பு ஏணி ஒன்று வேண்டும் என்று சபையில் பேச்சு வந்தபோது, என் மாப்பிள்ளை இருக்கும்போது வேறு ஆள் எதற்கு என்று ஒரே போடாகப் போட்டுவிட்டார்.

ஏணிக்குப் பதினாலு படி. இந்த வேலையில் ஒரு முறை உண்டு. முதலில் எல்லாப் படிக்கும் இரண்டு பக்கமும் ஒரு பொட்டு வெல்டு வைத்து நிறுத்த வேண்டும். அதை டாக் என்பார்கள். அப்புறம் கீழேயிருந்து ஒவ்வொரு படியாக முழு வெல்டு ஓட்ட வேண்டும். டாக் என்பது கம்பியைப் பிடித்து நிறுத்தத்தான், ஆள் ஏறுவதற்கு இல்லை.

எட்டுப் படி முடிந்து, ஒன்பதாவதில் வலது பக்கமும் முடிந்திருந்தது. இடது பக்கம் வெல்டிங் ராடை வைக்கப் போகும்போது மச்சான் ஓடிவந்தார். உள்ளே பெண்கள் ஜெபக்கூட்டம் ஆரம்பிக்கிறார்கள், உன் மெஷின் சத்தத்தில் கர்த்தருக்கே காது கேட்காது, அரை மணி நிறுத்து என்றார். அந்த அரை மணி ஒன்றரை மணியாக இழுத்தது. திரும்பி வந்தவன் பத்தாவது படியில் தொடங்கினான்.

இதுவரைக்கும் மறதி. எவனுக்கும் வரும்.

மறுநாள் ஏணியைச் சுவரோடு நிறுத்தி போல்ட்டும் முடுக்கியாகிவிட்டது. பிரஷ்ஷோடு ஏறி ரெட் ஆக்சைடு அடித்துக்கொண்டு வந்தவன் ஒன்பதாவதில் நின்றான். இடது பக்கத்தில் பட்டாணி அளவுக்கு அந்தப் பொட்டு மட்டும்தான் இருந்தது. மெஷின் அதற்குள் வண்டியேறி அடுத்த வேலைக்குப் போய்விட்டது. நாளைக்கு வந்து ஓட்டிக்கொள்ளலாம் என்று நினைத்தான். நினைத்துக்கொண்டே பிரஷ்ஷை இழுத்தான். சிவப்புப் பூச்சுக்குள் முழு வெல்டும் ஒன்றுதான், பொட்டும் ஒன்றுதான். அன்றைக்கு அவன் சுத்தியலைக் கையிலேயே எடுக்கவில்லை. அந்த ‘நாளைக்கு’ வரவே இல்லை.

ஐந்து மாதம் தாங்கியது. ஒரு சனிக்கிழமை காலை கிரீஸ் டப்பாவோடு ஏறிய மச்சான், ஒன்பதாவது படியோடு கீழே வந்து சேர்ந்தார். இடுப்பெலும்பு விட்டுப்போனது.

கூட்டம் மச்சானைத் தூக்கிக்கொண்டு ஓடியபோது, விழுந்து கிடந்த படிக் கம்பியைத் தூக்கிக்கொண்டு ஓடியவன் கெட்டி. பட்டறையில் மேசைக்கு அடியில் சாக்கைப் போட்டு மூடினான். துரு அரித்துவிட்டது என்று அவன் சொன்னதை எல்லோரும் நம்பினார்கள். ஏணியைக் கூலி வாங்காமல் சரிசெய்து கொடுத்தான். நல்ல மனசு என்றார்கள். அந்தச் சொல் ராடு நுனிபோல நெஞ்சில் சுட்டது.

ஆஸ்பத்திரியில் போதகர் ஜெபம் பண்ணிவிட்டு, எல்லாம் கர்த்தர் முன்குறித்தது, அவர் அறியாமல் ஒரு படியும் கழலாது என்றார். மச்சானுக்குச் சொன்ன ஆறுதலைக் கெட்டி இழுத்துப் போர்த்திக்கொண்டான். முன்குறித்தது என்றால் நான் யார்? ஜெபக்கூட்டம்தானே வேலையை நிறுத்தியது? ஜெபம் யாருடையது? அப்படியானால் நிறுத்தியதும் அவர்தான். பகலில் இந்த நியாயம் நன்றாகத்தான் நின்றது. சுத்தியலை எடுத்து எதையாவது தட்டும்போது மட்டும் ஆட்டம் கண்டது.

மூன்று வருஷம் போனது. மச்சான் கம்பு ஊன்றி நடந்தார், ஆனால் கோயில் பக்கம் போவதில்லை. மணி அடிக்கும் நேரத்தில் ஜன்னலைச் சாத்திக்கொள்வார். கால் வலி என்றுதான் எல்லோரும் நினைத்தார்கள். ஒரு மத்தியானம், பெண்டாட்டி கொடுத்தனுப்பிய சாப்பாட்டோடு கெட்டி போயிருந்தபோது அவரே வாயைத் திறந்தார்.

“உன்கிட்ட மட்டும் சொல்றேன் மாப்பிள்ளை. விழுந்த அன்னிக்கு எம் பொண்டாட்டி நெனப்பு வந்துச்சு. ‘அவளை எடுத்துக்கிட்டே, மணியடிக்க மட்டும் நான் வேணுமா’ன்னு வாய்விட்டே திட்டிட்டேன். திட்டிக்கிட்டேதான் ஏறினேன். கர்த்தர் தள்ளி விட்டுட்டார்.”

கெட்டி சோற்றுப் பாத்திரத்தின் மூடியைத் திறந்தான், மூடினான், மறுபடி திறந்தான். தட்டில் சோற்றைப் போட்டு வைத்துவிட்டு வந்துவிட்டான்.

அந்த வாரம் போதகர் வீட்டுக் கேட்டின் கீல் விட்டுப்போயிருந்தது. போதகர் இவனைவிட பத்து வயது சின்னவர். கீலைப் பொருத்திக்கொண்டே, கேட்டைப் பார்த்துத்தான் கேட்டான்: “முன்குறிச்சதுன்னா, செஞ்சவன் மேல தப்பு உண்டா ஐயா?”

போதகர் கேட்டை அவனுக்குத் தோதாகத் தூக்கிப் பிடித்தார். “சிலுவையும் முன்னாலேயே குறிச்சதுதான்ணே. அதுக்காக ஆணி அடிச்சவன், ‘நான் இல்ல, சுத்தியல்’னு சொல்ல முடியுமா?”

“ரெண்டும் எப்படி ஒண்ணா நிக்கும்?”

“எனக்கும் முழுசாப் புரியல. ஆனா அவர் பங்கை அவர் பார்த்துக்குவார். நம்ம பங்கை அவர் தலையில கட்டக் கூடாது.”

கெட்டி அன்று கீலைத் தட்டிப் பார்க்காமலே கிளம்பிவிட்டான். கொஞ்ச தூரம் போனவன் திரும்பி வந்து தட்டிவிட்டுப் போனான்.

பட்டறையில் சாக்கை விலக்கினான். கம்பியை எடுத்துக்கொண்டு நேராக மச்சான் வீட்டுக்கு நடந்தான். கட்டில்மேல் வைத்தான். ஒரு முனையில் முழு வெல்டு பிய்ந்த தழும்பு. இன்னொரு முனையில் பட்டாணி அளவுக்கு ஒரு பொட்டு.

“இது என்ன மாப்பிள்ளை?”

“நீங்க விழுந்த படி. இந்தப் பக்கம் நான் ஓட்டவே இல்ல. பெயிண்ட் அடிக்கும்போது பார்த்தேன். பார்த்துட்டுத்தான் அடிச்சேன்.”

மச்சான் கட்டை விரலால் அந்தப் பொட்டைத் தடவினார். தடவிக்கொண்டே இருந்தார்.

“அப்ப அவர் தள்ளலையா?”

“இல்ல மச்சான். நான்தான்.”

“மூணு வருஷம்டா. மூணு வருஷமா அவரோட நான் பேசல.”

அதுவரை ‘டா’ போட்டுப் பேசாதவர். பிறகு, அன்றைக்குச் சத்தத்தை நிறுத்தச் சொன்னது நானில்லையா என்று முனகினார். கெட்டி மறுத்துத் தலையாட்டினான்.

“அதை நீங்க எடுத்துக்காதீங்க. மறுநாள் பிரஷ் என் கையிலதான் இருந்துச்சு. யாரும் என் கையைப் பிடிக்கல.”

தங்கச்சிக்குத் தெரியுமா என்று கேட்டார். தெரியாது என்றான். “முதல்ல அவகிட்ட போய்ச் சொல்லு. நான் கூப்பிடுறவரைக்கும் இந்தப் பக்கம் வராதே.” கம்பியை அவர் திருப்பிக் கொடுக்கவில்லை.

பெண்டாட்டியிடம் அன்றே சொன்னான். பதினோரு நாள் அவள் அவனிடம் பேசவில்லை. பன்னிரண்டாம் நாள் பேசியதற்கு, பேசாமலே இருந்திருக்கலாம்.

ஒரு மாதம் கழித்து மச்சானிடமிருந்து ஆள் வந்தது. கோயில் வாசலில் ஐந்து படி ஏறக் கம்பு மட்டும் போதவில்லை, பிடித்து ஏற ஒரு கைப்பிடி வேண்டுமாம்.

கெட்டி போய் வேலையைச் செய்தான். டாக் வைத்தான், ஒவ்வொன்றாக முழு வெல்டு ஓட்டினான். மச்சான் நாற்காலி போட்டு எதிரிலேயே உட்கார்ந்திருந்தார். முடிந்ததும் கெட்டி சுத்தியலை எடுத்தான். மச்சான் கையை நீட்டினார். கொடுத்தான்.

அவர் எழுந்து, கீழேயிருந்து ஒவ்வொரு இணைப்பாகத் தட்டினார், இரண்டு பக்கமும். கெட்டி தொப்பியைக் கழற்றிக் கையில் வைத்துக்கொண்டு நின்றான். கடைசி இணைப்பையும் தட்டிவிட்டு அவர் சுத்தியலைக் கீழே வைத்தார். கைப்பிடியைப் பிடித்தார். முழு பாரத்தையும் அதன்மேல் போடவில்லை, கம்பையும் விடவில்லை. பாதியை மட்டும் அதன்மேல் சாய்த்து, முதல் படியில் காலை வைத்தார்.