மூன்று உதட்டுக்கு ஒரு லிப்ஸ்டிக்

கடை திறப்பதற்கு அரை மணி நேரம் முன்பே நாங்கள் மூன்று பேரும் வந்துவிடுவோம். தேரடி வீதியில் ஒரு நகைக்கடை. விற்பனைக்கு நிற்கும் பெண்களின் முகம் பளிச்சென்று இருக்க வேண்டும் என்பது அங்கே சட்டம். யூனிஃபார்ம் புடவை, இழுத்துப் போட்ட கொண்டை, லிப்ஸ்டிக், எல்லாம் கட்டாயம். நாள் முழுக்க நிற்கிற எங்கள் காலைப் பற்றிக் கவலைப்படாதவர்கள் உதட்டைப் பற்றி மட்டும் ஏன் இவ்வளவு கவலைப்படுகிறார்கள் என்று நான் கேட்பேன். எனக்கு வாய் கொஞ்சம் நீளம்.

மாடியில் எங்களுக்கென்று ஒரு சின்ன அறை, அதில் ஒரே ஒரு கண்ணாடி. மூன்று முகமும் அதில் தெரிய வேண்டுமென்றால் கன்னத்தோடு கன்னம் ஒட்டித்தான் நிற்க வேண்டும். செயின் கவுண்டரில் நிற்பவள் அடி அண்ணாமலை கிராமத்திலிருந்து ஷேர் ஆட்டோவில் வருவாள். கொலுசு கவுண்டர்க்காரி டவுனிலேயே இருப்பவள். வந்ததும் புர்காவைக் கழற்றி ஆணியில் மாட்டிவிட்டு, "தள்ளுங்கடி, எனக்கும் கொஞ்சம் மூஞ்சி இருக்குது" என்று நடுவில் புகுவாள். நான் மூக்குத்தி கவுண்டர். சின்னச் சின்னத் திருகாணிகளைத் திருகிப் பழகியதால் என் கை நடுங்காது. அதனால் மூன்று பேருக்கும் ஐலைனர் போடுகிற வேலை என்னுடையது.

எங்களுக்கு ஒரு பவுச்தான். அதில் ஒரு பவுடர், ஒரு மை, ஒரு ஐலைனர், நாலைந்து ஊக்கு, ஒரு மெரூன் லிப்ஸ்டிக். லிப்ஸ்டிக் கைமாறிக் கைமாறிப் போகும். ஒரே நிறம்தான், ஆனால் அடி அண்ணாமலைக்காரி உதட்டில் மாதுளை மாதிரி இருக்கும், என் உதட்டில் காபிப்பொடி மாதிரி இருக்கும். இதைச் சொல்லி தினமும் சிரிப்போம். என் இருபத்தெட்டு வருஷத்தில் அந்த அரை மணி நேரம்தான் நான் அழகாக இருந்த நேரம் என்று தோன்றுகிறது. மீதி நேரமெல்லாம் சும்மா மேக்கப் போட்டிருந்தேன், அவ்வளவுதான்.

ஒருநாள் செயின் கவுண்டர்க்காரிக்குக் கண் வரைந்துகொண்டிருந்தேன். கண்ணை மூடியபடியே சொன்னாள். "என் கல்யாணத்துக்கு எந்த பார்லர்க்காரி வந்தாலும் சரி, கண்ணு மட்டும் நீதான்டி போடணும்."

"மூச்சு விடாத, கோடு கோணிக்கும்" என்றேன். உள்ளுக்குள் எனக்கு அவ்வளவு சந்தோஷம்.

அந்த வருஷம் கார்த்திகை தீபக் கூட்டமெல்லாம் ஓய்ந்த பிறகு என் கீழுதட்டுக்குக் கொஞ்சம் கீழே, இடது பக்கமாக ஒரு வெள்ளைப் புள்ளி வந்தது. முதலில் பவுடர் ஒட்டியிருக்கிறது என்று துடைத்தேன். போகவில்லை. பொங்கலுக்குள் அது சுண்டு விரல் நகம் அளவுக்கு வளர்ந்திருந்தது. ஆஸ்பத்திரியில் தோல் டாக்டர் ஒரு களிம்பு எழுதிக் கொடுத்தார். வெண்புள்ளிதான், யாருக்கும் ஒட்டாது, பயப்படாதே என்றார். அன்றைக்குச் சாயங்காலம் கடையில் அழுதுவிட்டேன். செயின் கவுண்டர்க்காரிதான் என்னை மாடிக்குக் கூட்டிப்போய், போனில் தேடித் தேடி எனக்குப் படித்துக் காட்டினாள். "பாரு, இது தொத்து வியாதியே இல்லயாம். தொட்டாக்கூட வராதாம். எதுக்குடி அழுவுற?" அவள் முந்தானையாலேயே என் முகத்தைத் துடைத்தாள்.

அடுத்த வாரம் சூப்பர்வைசர் கூப்பிட்டார். "வாய்கிட்ட அது தெரியாத மாதிரி எதனா பூசிக்கம்மா. கஸ்டமர் ஒரு மாதிரி பாக்குறாங்க."

"மூக்குத்தி வாங்க வர்றவங்க அவங்க மூக்கப் பாப்பாங்களா, என் வாயப் பாப்பாங்களா சார்?" என்று கேட்டுவிட்டேன். அவர் முனகிக்கொண்டே போய்விட்டார். அன்று மனசு லேசாக இருந்தது. முகத்துக்கு நேராகச் சொல்கிறவரிடம் சண்டையாவது போடலாம்.

என் கூட்டாளிகள் இரண்டு பேரும் ஒன்றுமே சொல்லவில்லை. ஒருநாள் காலையில் பவுச்சில் லிப்ஸ்டிக் இல்லை. "தீந்துபோச்சுடி, வேற வாங்கணும்" என்றாள் கொலுசு கவுண்டர்க்காரி. முந்தின நாள் பாதி இருந்தது, நான் பார்த்திருந்தேன். மறுநாளிலிருந்து இருவரும் வீட்டிலேயே மேக்கப் போட்டுக்கொண்டு வர ஆரம்பித்தார்கள். கண்ணாடி முன்னால் நான் மட்டும். இடம் நிறைய இருந்தது. அவர்கள் பெஞ்சில் உட்கார்ந்து பேசிக்கொண்டிருப்பார்கள், என்னிடமும் நன்றாகத்தான் பேசுவார்கள். டிபன் பாக்ஸிலிருந்து இட்லி எடுத்துக் கொடுப்பார்கள். குறை சொல்ல ஒன்றுமில்லை. இரண்டு பேரிடமும் ஐலைனர் போட்டு விடட்டுமா என்று கேட்க எனக்கு நாக்கு வரை வரும். கேட்கவில்லை.

என் பிறந்தநாளுக்கு இருவரும் சேர்ந்து ஒரு பெரிய டப்பாவைக் கொடுத்தார்கள். திறந்தால் இரண்டு அடுக்கு. கண்ணுக்கு, கன்னத்துக்கு, உதட்டுக்கு என்று வரிசை வரிசையாக நிறங்கள், பிரஷ்கள், உள்ளேயே ஒரு கண்ணாடி. கடையே பார்த்துப் பொறாமைப்பட்டது. வீட்டில் அம்மா டப்பாவைத் திறந்து மூடித் திறந்து மூடிப் பார்த்துவிட்டு, "இந்த மாதிரி பிரெண்ட்ஸ் யாருக்குக் கெடைப்பாங்க" என்றாள். அன்று ராத்திரி அந்த டப்பாவைத் தலைமாட்டில் வைத்துக்கொண்டுதான் தூங்கினேன்.

மறுநாள் அதைத் தூக்கிக்கொண்டு போனேன். "வாங்கடி, இனிமே உங்களுக்கு ஆளுக்கொரு கலர்" என்று பெஞ்சில் விரித்தேன். இருவரும் ஒருவரையொருவர் பார்த்தார்கள்.

"நாங்க போட்டுகினு வந்துட்டோமே" என்றாள் ஒருத்தி.

"அது உனக்குன்னு வாங்குனதுடி. நீ மட்டும் வச்சிக்க" என்றாள் இன்னொருத்தி.

பிரியமாகத்தான் சொன்னாள். டப்பாவை மூடும்போதுதான் எனக்கென்று தனியாக அதை ஏன் வாங்கினார்கள் என்று புரிந்தது. எனக்கு வராத கோபமெல்லாம் வந்தது, ஆனால் யார் மேல் காட்டுவது? பரிசு கொடுத்தவர்களிடம் போய் ஏன் கொடுத்தீர்கள் என்று சண்டை போட முடியுமா? கடைக்கு வெளியே இருந்த டீக்கடையில் நின்று ஒரு டீ குடித்தேன். பிறகு போய் மூக்குத்தி விற்றேன்.

வைகாசியில் செயின் கவுண்டர்க்காரிக்குக் கல்யாணம். பத்திரிகை கொடுக்க எங்கள் வீட்டுக்கு வந்தாள், அம்மா காலில் விழுந்தாள். கண்ணைப் பற்றிப் பேச்சு வரவில்லை. மறந்திருக்கலாம், கல்யாண வேலையில் எது ஞாபகம் இருக்கும் என்று எனக்கு நானே சொல்லிக்கொண்டேன். சொன்ன சொல்லை அவள் விடமாட்டாள் என்றும் சொல்லிக்கொண்டேன். அந்த ஒன்று நடந்துவிட்டால் போதும், மற்றதெல்லாம் நானாகக் கற்பனை செய்தது என்று ஆகிவிடும். புதிதாக ஒரு ஐலைனர் வாங்கி, பிரிக்காமல் கைப்பையில் வைத்துக்கொண்டேன். விடிவதற்கு முன்பே ஆட்டோ பிடித்துச் செங்கம் ரோட்டு மண்டபத்துக்குப் போனேன்.

மணப்பெண் அறையில் பார்லர் அக்கா பாதி வேலையை முடித்திருந்தாள். கண்ணெல்லாம் வரைந்தாகிவிட்டது. நன்றாகத்தான் வரைந்திருந்தாள், இடது கண்ணின் வால் மட்டும் கொஞ்சம் தடிமன். செயின் கவுண்டர்க்காரி என்னைக் கண்ணாடி வழியாகப் பார்த்தாள்.

"அக்கா பேக்கேஜ்லயே எல்லாம் வருதுடி" என்றாள்.

"நல்லா இருக்குடி" என்றேன். கைப்பையின் ஜிப்பை இழுத்து மூடினேன்.

கொலுசு கவுண்டர்க்காரி பூவைக் கிள்ளிக் கிள்ளி ஊக்கில் கோத்துக்கொண்டிருந்தாள். நான் அவள் பக்கத்தில் போய் உட்கார்ந்தேன். அப்போது பார்லர் அக்கா திரும்பி என் முகத்தைப் பார்த்தாள். "நீயும் போட்டோல நிப்பயாம்மா? இங்க வா" என்று தாடையைப் பிடித்துத் தூக்கினாள். கேள்வி ஒன்றும் கேட்கவில்லை. மணப்பெண்ணுக்குப் போட்டுக்கொண்டிருந்த அதே தட்டிலிருந்து, அதே பிரஷ்ஷால் எடுத்து என் உதட்டுக்குக் கீழே வைத்துத் தட்டினாள். நிறம் போதவில்லை என்று இன்னொன்றைக் கலந்து, விரலால் ஓரத்தைத் தேய்த்தாள். எத்தனை மாதமாயிற்று, என் முகத்தை இன்னொருவர் கை தொட்டு. கண்ணில் தண்ணீர் முட்டிக்கொண்டு வந்தது, அடக்கிக்கொண்டேன்.

"அவ்ளோதான், போ" என்று சொல்லிவிட்டு, மணப்பெண்ணின் கன்னத்தைச் சரிசெய்ய அந்த பிரஷ்ஷோடு குனிந்தாள்.

"அக்கா, வேற பிரஷ் இருக்குதா?" செயின் கவுண்டர்க்காரி மெதுவாகத்தான் கேட்டாள்.

"ஏம்மா, இது நல்லாத்தான இருக்குது?"

"இல்லக்கா. வேற எடுங்களேன்."

பார்லர் அக்கா என்னை ஒரு தரம் பார்த்தாள், பிறகு பையைத் துழாவினாள். கொலுசு கவுண்டர்க்காரி பூவிலிருந்து தலையை நிமிர்த்தவே இல்லை. நான் கண்ணாடியைப் பார்த்தேன். மணப்பெண்ணும் அதே நேரம் பார்த்தாள். எனக்குக் கேட்டுவிட்டது என்று அவளுக்குத் தெரிந்துபோயிற்று. அவள் கண் நிறைந்தது. தொட்டாக்கூட வராது என்று எனக்குப் படித்துக் காட்டியவள்தான். இப்போதும் அது அவளுக்குத் தெரியும். தெரிந்தும் பயம் போகவில்லை, அதற்கு அவள் என்ன செய்வாள்.

"அழுவாதம்மா, எல்லாம் கரைஞ்சிடும்" என்றாள் பார்லர் அக்கா.

நான் அங்கே நின்றால் அவள் அழுதுவிடுவாள். அதனால் வெளியே வந்தேன். கைகழுவும் இடத்தில் ஒரு ஓரமாக நின்று எனக்கான அழுகையை அழுது முடித்தேன். நாதஸ்வரக்காரர்கள் அப்போதுதான் வாத்தியத்தை ஊதிப் பார்த்துக்கொண்டிருந்தார்கள். யாருக்கும் கேட்டிருக்காது.

தாலி கட்டிய பிறகு மேடையிலிருந்து கைகாட்டி எங்கள் இருவரையும் கூப்பிட்டாள். இடுப்பைச் சுற்றி இறுக்கிப் பிடித்துக்கொண்டாள். "அழகா இருக்கடி" என்று என் காதில் சொன்னாள். "நீயும்" என்றேன். இரண்டுமே பொய் இல்லை.

அந்தப் படத்தை அவள்தான் அனுப்பினாள். மூன்று பேரும் சிரிக்கிறோம். அழுதும் பார்லர் அக்கா பூசியது கரையவில்லை, என் முகத்தில் புள்ளியே தெரியவில்லை. அம்மா அதைப் பெரிதாக்கி ஃப்ரேம் போடு, ஃப்ரேம் போடு என்கிறாள். நேரம் கிடைக்கவில்லை என்று சொல்லிக்கொண்டிருக்கிறேன்.