கொட்டாஞ்சேனை அட்மின்

றேமண்ட் என்ற பெயரை மெற்றில்டா முதன்முதலில் கேட்டது ஒரு ஞானஸ்நான வீட்டில். அந்தப் பெயர் வைத்த பிள்ளை, அவளுடைய புருஷனின் சித்தப்பா மகன் ஒஸ்வால்டின் மூத்தது. ஞானத்தாய் நீதான் என்று சொல்லியிருந்த ஒஸ்வால்ட், கடைசி நேரத்தில் பெண்சாதியின் அக்காவைப் பிடித்துக்கொண்டான். அன்றைக்கென்று தைப்பித்த நீலச் சட்டையோடு போனவள், சாப்பாட்டில் கை வைக்காமல் திரும்பி வந்தாள். அதோடு அந்தக் குடும்பத்துடன் முகப்பேச்சும் போயிற்று.

இரண்டாம் முறை கேட்டது இரண்டாயிரத்து ஏழில், கொழும்பு வெள்ளவத்தையில் அவளுடைய மகன் வின்சன்ற் நடத்திய கொம்பியூட்டர் கடையில், பெடியளின் தூஷணத்தோடு சேர்த்து. பின்னேரங்களில் அவர்கள் ஒன்லைனில் சுடுகிற விளையாட்டு விளையாடுவார்கள். அந்த விளையாட்டு ஓடிய சேர்வர் கொட்டாஞ்சேனையில், றேமண்டின் வீட்டு முன்னறையில் இருந்தது. துறைமுகத்தில் கிளாக்கர் வேலை முடிந்து வந்து அவன்தான் அதற்குக் காவல், அட்மின் என்பார்கள். சிங்களப் பெடியளும் தமிழ்ப் பெடியளும் கலந்து விளையாடுகிற இடம், வெளியிலோ யுத்தம். எப்படியும் சுடு, இனத்தைச் சொல்லி ஒரு எழுத்து எழுதினால் வெளியே போ என்பது அவனுடைய சட்டம். தள்ளுப்பட்டவன் வேறு பெயரில் வருவான். றேமண்ட் திரும்பவும் தள்ளுவான். இதே வேலை.

ஒரு நாள் கடையில் எந்தக் கொம்பியூட்டரிலும் விளையாட்டு ஏறவில்லை.

"ஆரோ ஒருத்தன் ஊத்தைக் கதை எழுதினதுக்கு அந்த றேமண்ட் கடையையே பான் பண்ணிப்போட்டான் மம்மி. எல்லா மெஷினுக்கும் ஒரே லைன்தானே," என்றான் வின்சன்ற்.

பெடியள் தெஹிவளைக் கடைக்கு மாறினார்கள். இப்படியே போனால் கடையைப் பூட்டவேண்டியதுதான். ஞாயிறு பூசை முடிந்த கையோடு மெற்றில்டா கொட்டாஞ்சேனைக்குப் பஸ் ஏறினாள். செக்பொயின்ற்றில் இறங்கி, ஐடென்ரிக் கார்ட்டைக் காட்டி, திரும்ப ஏறிப் போய்ச் சேரும்போது கோபம் இரண்டு மடங்காகியிருந்தது.

றேமண்ட் கதவைப் பாதிதான் திறந்தான்.

"என்ன அன்ரி, இப்பதான் வழி தெரிஞ்சதோ?"

"உன்ர அப்பன் வீட்டில தேத்தண்ணி குடிக்க வரேல்லை. கடையைத் திறந்து விடு."

"எழுதினவனைக் கூட்டிக்கொண்டு வாங்க, திறக்கிறன்."

"றோட்டில போறவன் வாறவனை எல்லாம் நான் பிடிச்சுக்கொண்டு திரியிறதோ?"

"அப்ப கேளுங்க," என்று திரையைப் பார்த்து வாசித்தான். முதல் சொல் 'கொட்டியா'. சிங்களத்தில் புலி. அடுத்தது, 'நானே பொலிஸில சொல்லி உன்னை அள்ளக் குடுப்பன்.' மூன்றாவதை அவன் மெதுவாக வாசித்தான். 'செத்தவீட்டில மெழுகுதிரி களவெடுத்த ஒஸ்வால்டின்ர மகனே.'

அந்தச் செத்தவீட்டில் சவப்பெட்டியடியில் எரிந்த மெழுகுதிரியை ஊதி அணைத்து ஒஸ்வால்ட் பொக்கற்றுக்குள் வைத்ததைக் கண்டவள் மெற்றில்டா ஒருத்தி. அதைச் சொன்னது தன் வீட்டுச் சாப்பாட்டு மேசையில் மட்டும். வின்சன்றுக்கு, எத்தனையோ தரம், விழுந்து விழுந்து சிரித்தபடி.

"ஆர் அன்ரி இது?"

"எனக்கெப்படித் தெரியும்?"

"போன கிழமை இந்த ஒழுங்கையில மூண்டு பேரைப் பொலிஸ் ஜீப்பில ஏத்தினவங்கள். ஒருத்தன் இன்னும் வரேல்லை. என்ர பேரை ஒருத்தன் சொன்னாக் காணும், என்னையும் ஏத்துவாங்கள். உங்களுக்கு உங்கட கடைதான் பெரிசு."

"ஒஸ்வால்டின்ர வாய் அப்படியே இருக்கு உனக்கு," என்றாள் அவள்.

கதவு அவள் மூக்குக்கு முன்னால் அடித்துச் சாத்தப்பட்டது.

வீட்டில் வின்சன்ற் ஒளிக்கவில்லை. "கள்ள விளையாட்டு விளையாடினனெண்டு என்னை நாலுதரம் தள்ளினவன். அதுதான் எழுதினனான். நீங்க சொன்ன கதைதானே மம்மி?"

"போய் மன்னிப்புக் கேளடா."

"அவனிட்டயோ? நீங்க போவீங்களோ?"

அவள் போகமாட்டாள். ஒஸ்வால்டின் வாசலில் தன் மகன் தலை குனிந்து நிற்பதை நினைக்கவும் அவளுக்குப் பிடிக்கவில்லை. இரண்டாம் முறை அவனைக் கேட்கவுமில்லை. நத்தார்ப் பண்டிகைக்கு முதல் கடை பூட்டப்பட்டது.

றேமண்டை ஒருவரும் அள்ளிக்கொண்டு போகவில்லை; இப்போது பெண்சாதி பிள்ளைகளோடு கல்கிசையில் ஒரு மாடிவீட்டில் இருக்கிறான்.